"ஆருக்கு" அளந்த இடியப்ப உரல்

மட்டக்களப்பு வாவியின் இந்தக் கரையிலும் சரி, அந்தக் கரையிலும் சரி, புதுச் சாமான் ஒன்றைக் கண்டவுடன் "என்ன விலை?" என்று கேட்காத ஒரே மனிதப் பிறவி எங்கள் வகுப்பில்தான் படித்தாள். அவளுடைய கேள்வி வேறு. குடையைக் கண்டாலும் அதைத்தான் கேட்டாள், கோயில் தேரைக் கண்டாலும் அதைத்தான் கேட்டாள், எங்கள் பள்ளிக்கூட அதிபர் தன் அறைக்குப் புதிதாக எடுப்பித்த மேசையைத் தடவிப் பார்த்தும் அதைத்தான் கேட்டாள்.

"இது ஆருக்கு?"

கேட்டுக் கேட்டு அதுவே அவளுக்குப் பெயராகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. வரவு கூப்பிடும்போது மட்டும் அது வெளியே வரும். அப்போதும் யாரோ புதுப்பிள்ளை வந்திருக்கிறது என்று நாங்கள் திரும்பிப் பார்ப்போம்.

சுனாமி வந்து இரண்டரை வருடம் கழிந்திருந்தது. யுத்தம் எங்கள் பக்கத்தை விட்டு வடக்கே போயிருந்தது. களுவாஞ்சிக்குடிப் பக்கத்தில் எங்கள் பள்ளிக்கூடம். அங்கே உயர்தர வகுப்புக்கு "தொழினுட்பம்" என்று ஒரு புதுப் பாடம் வந்திறங்கியது. ஒரு பொருளை யோசிக்க வேண்டும், வரைய வேண்டும், செய்ய வேண்டும், அதை ஒருவர் பாவித்துக் காட்டவும் வேண்டும். விஞ்ஞானம் எடுத்தவர்கள் டொக்டராகப் போகிறார்கள், வர்த்தகம் எடுத்தவர்கள் வங்கிக்குப் போகிறார்கள், கலை எடுத்தவர்கள் வாத்திமாராகப் போகிறார்கள் என்று ஊருக்குத் தெரியும். தொழினுட்பம் எடுத்த நாங்கள் நாலு பேரும் எங்கே போகிறோம் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. விசாரித்தவர்களுக்கு என் அம்மா, "என்னமோ தச்சு வேலைதானாம், ஆனா சோதினை இரிக்காம்" என்று சொல்லிச் சமாளித்தார்.

நாலு பேர் என்றால் ஆருக்கு, நான், ரமேஷ், இன்னொரு ரமேஷ். எங்களுக்குப் படிப்பித்த சேர் உண்மையில் கணித ஆசிரியர். ஒரு வாரப் பயிற்சிக்கு அனுப்பினார்கள், தொழினுட்ப ஆசிரியராகத் திரும்பி வந்தார். தங்கமான மனிதர். ஆணி அடிக்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வார்.

முதல் வகுப்பில், பேனை வைக்கிற பெட்டி ஒன்றை வரையச் சொன்னார். நாங்கள் மூன்று பேரும் மூன்று செங்கல்லை வரைந்து முடித்தபோது ஆருக்கு இன்னும் பென்சிலைத் தொடவில்லை.

"ஆருக்கு சேர்?"

"ஆருக்கெண்டா... பொதுவா."

"பொதுவா எண்டுற ஆள் இடக்கையா, வலக்கையா சேர்?"

சேர் யோசித்தார். கேள்வி என்று ஒன்று இருந்தால் விடையும் இருக்க வேண்டும் என்று நம்புகிறவர் அவர். "வலக்கை எண்டு வெச்சுக்கொள்ளுங்க."

"வயசு என்ன சேர்? கண் வடிவாத் தெரியிற ஆளா?"

"புள்ள, நான் பேனைப் பெட்டிதானே கேட்டன். கலியாணமா பேசுறன்?"

இந்தக் குணம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அவளே ஒரு கதை சொல்லுவாள். ஊர் கதிரவெளி. முதலில் கடல் வந்து துரத்தியது, பிறகு சண்டை வந்து துரத்தியது. தெற்கே தெற்கே என்று வந்து, கடைசியில் செட்டிபாளையத்தில் பெரியம்மா வீட்டில் நின்றாள். கடல் வந்து போனபின் முகாமுக்கு லொறியில் உடுப்பு வந்ததாம். மாசி வெயிலில் இவளுக்குக் கிடைத்தது முழங்கால் வரைக்கும் வருகிற கம்பளிக் கோட்டு, உள்ளுக்கு மயிர் வைத்தது. அதைத் தூக்கிப் பிடித்து "இது ஆருக்கு?" என்றாளாம். "உங்களுக்குத்தான் அனுப்பியிரிக்காங்க" என்றாராம் லொறியில் நின்றவர். "அப்ப என்னை ஒருக்கா கேட்டிரிக்கலாமே" என்றாளாம் இவள்.

அந்த வயதுப் பிள்ளை அப்படிக் கதைத்திருக்குமா என்று நீங்கள் சந்தேகப்படலாம். அவளை அறிந்தவர்கள் படமாட்டார்கள். அவளுடைய பெரியப்பாவுக்கு வெளிநாட்டிலிருந்து வள்ளம் ஒன்றும் வந்தது. பார்க்க மாப்பிள்ளை போல இருக்கும். வாவியில் இறக்கினால் ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொள்ளும். கடைசி வரைக்கும் அதில் கோழிகள்தான் முட்டை இட்டன.

எங்கள் தொழினுட்பக் கூடமும் அப்படி வந்த தானம்தான். சுனாமிக்குப் பிறகு எந்த நாட்டுக்காரரோ கட்டித் தந்துவிட்டுப் போனார்கள். உள்ளே ஒரு பெரிய அரியும் இயந்திரம். அதை இயக்குகிற விதத்தைச் சொல்லும் புத்தகம் எங்களில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாத பாஷையில் இருந்தது. அதன் சுவிட்ச் இருந்த உயரத்துக்கு சேர் ஒரு பெட்டியின் மேல் ஏறி நிற்க வேண்டும். ஆருக்கு அதை அளந்து பார்த்துவிட்டு, "சேர், இது ஆறடி ஆளுக்குச் செஞ்சது. மெசினை அனுப்பினவங்க ஆளை அனுப்ப மறந்துட்டாங்க" என்றாள்.

அங்கிருந்த வாங்குகளும் அப்படியே. நான் கொஞ்சம் கட்டை. கொஞ்சம் என்று நானே சொல்லிக்கொள்வது. வாங்கில் ஏறி இருந்தால் என் கால் நிலத்துக்கு எட்டாது. பாடம் முடியும் வரைக்கும் அந்தரத்தில் ஆட்டிக்கொண்டிருப்பேன். ஒரு நாள் ஆருக்கு குனிந்து பார்த்து, தோழிமாருக்குப் போடுகிற "கா"வும் சேர்த்து, "உன்ட கால் தொங்குதுகா" என்றாள். இத்தனை வருடம் தெரியாமல் இருந்தவளுக்குச் சொல்வது போலச் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது.

அவள் கழுத்தில் எப்போதும் ஒரு தையற்காரரின் அளவுநாடா தொங்கும். மற்றப் பெண்பிள்ளைகள் சங்கிலி போடுகிற இடத்தில் அது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கிற கிழவரின் முழங்கையை அளப்பாள். அதிபர் கதிரையில் இருந்தால் அவருடைய முழங்காலுக்கும் நிலத்துக்கும் இடையில் எவ்வளவு என்று கண்ணாலேயே மட்டுக்கட்டுவாள். அவர் சட்டென்று எழும்பிவிடுவார். ஒரு செத்தவீட்டுக்கு நானும் அம்மாவும் போனபோது அவளும் வந்திருந்தாள். எல்லாரும் அழுதுகொண்டிருக்க, என் காதுக்குள் வந்து, "பாருகா, ஊரில ஆளுக்கு அளவாச் செஞ்ச சாமான் இந்தப் பெட்டி ஒண்டுதான்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா கிள்ளிய இடம் ஒரு கிழமை நீலமாக இருந்தது.

ஒரு தரகர் அவளுக்குச் சம்பந்தம் கொண்டுவந்த கதை செட்டிபாளையத்தில் இன்றைக்கும் சொல்லப்படுகிறது. பெரியம்மா தேத்தண்ணீர் கொடுத்து உபசரிக்க, தரகர், "பொடியன் பொதுவா நல்ல பொடியன்" என்று தொடங்கியிருக்கிறார். கதவுக்குப் பின்னாலிருந்து, "பொதுவா எண்டா ஆருக்கு?" என்று குரல் வந்திருக்கிறது. தரகர் தேத்தண்ணீரை முடிக்கவில்லை.

சரி, இடியப்பத்துக்கு வருவோம்.

இரண்டாம் வருடம் செயற்றிட்டம் என்று ஒன்று செய்ய வேண்டும். ஒரு குழு, ஒரு பொருள். வரைபடத்தை முன்கூட்டியே அனுப்பிவிட வேண்டும். பிறகு வெளியிலிருந்து ஒரு மதிப்பீட்டாளர் வந்து, செய்த பொருளையும் வரைபடத்தையும் ஒப்பிட்டுப் புள்ளி போடுவார். சேர் ஆரம்பத்திலேயே எச்சரித்துவிட்டார். "வரைபடத்துக்கும் சாமானுக்கும் ஒரு நூல் வித்தியாசம் இரிக்கப்படாது. அவர் இஞ்சி இஞ்சியா அளப்பார். இதில விழுந்தா பாடமே போன மாதிரித்தான்."

ரமேஷ்கள் இரண்டு பேருக்கும் கைத்தொலைபேசி வைக்கிற தாங்கி செய்ய ஆசை. இரண்டு பேரிடமும் கைத்தொலைபேசி இல்லை. ஆருக்கு வழக்கமான கேள்வியைக் கேட்டு அந்த யோசனையை ஒரே மூச்சில் சாகடித்தாள். பிறகு, "நான் ஆளைப் புடிச்சிட்டன். சாமானைத்தான் இனிப் புடிக்கணும்" என்றாள்.

அவள் பிடித்த ஆள் இடியப்பக்கா. செட்டிபாளையத்தில் பாதி வீடுகளுக்குக் காலைச் சாப்பாடு அவருடைய அடுப்பிலிருந்துதான் போகும். சுனாமியில் அவரைத் தண்ணீர் தூக்கி ஒரு மதிலில் அடித்தது. உயிர் தப்பியது, வலது மணிக்கட்டு கோணலாகப் பொருந்திவிட்டது. இடியப்பம் பிழிவதற்கு இரண்டு கையும் ஒரே பலத்தில் இறங்க வேண்டும். அவருக்கு ஒரு கைதான் இறங்கும், மற்றக் கை கத்தும். பல்லைக் கடித்துக்கொண்டு பிழிவார். கட்டாரிலிருந்த மகன் போனில் சண்டை பிடித்து, வருகிற சித்திரை வருடப் பிறப்போடு தொழிலை நிறுத்துவதாக வாக்கு வாங்கிவிட்டான்.

"நிப்பாட்டிட்டு என்ன செய்யப் போறீங்க அக்கா?" என்று கேட்டேன்.

"அதுதான் மனே தெரியல்ல. கோழி கூவ முன்னம் எழும்பிப் பழகிட்டன். எழும்பி இரிந்து செவரையா பாக்கிற?" ஆணோ பெண்ணோ, அக்காவுக்கு எல்லாப் பிள்ளைகளும் "மனே"தான்.

ஆருக்கு அவருடைய கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "அக்கா, வருசப் பொறப்போட நீங்க நிப்பாட்ட மாட்டீங்க" என்றாள். அவள் ஒருவருக்கு வாக்குக் கொடுத்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

அளவெடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். நாங்கள் வருவது முதல் நாளே அக்காவுக்குத் தெரியும். தெரிந்தால் விடுவாரா? கோயிலுக்கு உடுக்கிற சாறி, முகத்துக்குப் பவுடர், தலையில் பூ. எங்களுக்கு சோடாவும் விசுக்கோத்தும். முன்னறையில் பிளாஸ்டிக் கதிரையில் நிமிர்ந்து இருந்து, கையை மடியில் வைத்து, "ம், எடுங்க" என்றார், போட்டோக்காரனுக்குச் சொல்வது போல. ஆருக்கு முழங்கை உயரம், தோள் உயரம், கை எட்டுகிற தூரம் எல்லாம் எடுத்தாள். ரமேஷ் எழுதினான். மற்ற ரமேஷ் விசுக்கோத்தைக் கவனித்துக்கொண்டான். வரைபடம் அச்சொட்டாக வந்தது, அனுப்பியும் விட்டோம்.

விஷயம் இதுதான். உரலைக் கையால் அமத்துவதற்குப் பதிலாக, ஒரு நீளமான பிடியை ஒரு கையால் கீழே இழுத்தால் போதும், உடம்பின் பாரமே பிழிந்துவிடும். பிடிக்கு ஊரெல்லாம் அலைய வேண்டி வரவில்லை. சுனாமிக்குப் பிறகு ஒழுங்கைக்கு ஒழுங்கை குழாய்க் கிணறு அடித்துத் தந்திருந்தார்கள். பாதி உப்புத் தண்ணீர் தந்தது, மீதி தண்ணீரே தரவில்லை. அப்படிச் செத்துக்கிடந்த ஒன்றின் இரும்புப் பிடியைக் கழற்றிக்கொண்டோம். உரலைத் தாங்குகிற நாலு காலுக்கு, உடைந்து போன பள்ளிக்கூட வாங்கின் கால்கள். பெரிய இயந்திரம் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்க, கைவாளால் அரிந்து, துளை போட்டு, ஒரு மாதத்தில் முடித்தோம். சேர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு ஆணி அடித்தார். அதில் ஒன்று நேராகவே இறங்கியது.

சைக்கிள் கரியரில் சாக்கால் சுற்றிக் கட்டி, அக்கா வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். வழியில் சென்றி, ஆமியின் காவலரண். அந்தக் காலத்தில் ஒரு பாண் வாங்கப் போனாலும் சென்றியில் நின்று கணக்குச் சொல்ல வேண்டும். எங்கள் சாக்கை அவிழ்த்தால் உள்ளே ஓர் இரும்புக் குழாய், நீளமான பிடி, அடியில் ஓட்டை போட்ட தகடு. பார்த்த சிப்பாய் ஓரடி பின்னால் போனான். இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான். ரமேஷுக்குப் பயத்தில் இருந்த சிங்களமும் போய்விட்டது. "இடியப்பம்" என்றான். சிப்பாய்க்கு அது பகிடியாகத் தோன்றவில்லை.

உள்ளேயிருந்து கொஞ்சம் தமிழ் தெரிந்த ஒருவர் வந்தார். சாமானைச் சுற்றி நடந்தார். குனிந்தார். நிமிர்ந்தார். ஆருக்குவின் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"யாருக்கு?"

ஆருக்குவின் முகத்தைப் பார்க்க வேண்டும். திருவிழாவில் காணாமற்போன சொந்தக்காரரைக் கண்டுபிடித்தவள் போல நின்றாள். மணிக்கட்டில் தொடங்கி, தோள் உயரம், முழங்கை உயரம் என்று அந்த மனிதருக்கு முழுச் செயற்றிட்டத்தையும் விளங்கப்படுத்தினாள். மா இல்லாத குறைக்கு வீதியோரத்து ஈரக் களியை அள்ளி உரலில் போட்டு, பிடியை இழுத்தாள். கறுப்பாக, வடிவாக, ஓர் இடியப்பம் விழுந்தது.

"ஆ, இந்தி ஆப்ப" என்று இடியப்பத்தைச் சிங்களத்தில் சொன்னார் அவர். சிப்பாயும் வந்து ஒரு தரம் இழுத்துப் பார்த்தான். போகச் சொல்லிவிட்டார்கள். வழியெல்லாம் ஆருக்கு சொல்லிக்கொண்டு வந்தாள். "ரெண்டு வருசமா நம்மட வகுப்பில ஒருத்தரும் கேக்காத கேள்விகா. சென்றியில கேட்டுட்டாங்க."

அக்கா உரலைக் கழுவித் துடைத்து, தொட்டுக் கும்பிட்டு வாங்கினார். "தங்கமான சாமான் மனே" என்றார். எங்கள் நாலு பேருக்கும் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

மதிப்பீட்டாளர் வருவதற்கு முதல் நாள், விடிகிற நேரத்தில் ஆருக்கு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "வாகா, அவ புழியிறதப் பாத்துட்டு வருவம். சொல்லாமப் போவம்."

போனோம். முன்னறையில், சாமிப் படத்துக்குப் பக்கத்தில் எங்கள் உரல் நின்றது. அதன் மேல் பின்னல் விரிப்பு. விரிப்பின் மேல் பிளாஸ்டிக் பூச்சாடி. முன்னால் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. அடுப்படியில் அக்கா, வீட்டுச் சட்டையோடு, தாழ்ந்த மணைப்பலகையில் குந்தியிருந்து, பழைய உரலைப் பல்லைக் கடித்துக்கொண்டு அமத்திக்கொண்டிருந்தார்.

எங்களைக் கண்டதும் திருடி அகப்பட்டவர் போல எழும்பினார். "அடுப்படிக்குள்ள வெச்சா புகை புடிச்சிரும் மனே. அவ்வளவு வடிவான சாமான். வாற சனம் எல்லாம் பாத்துட்டுத்தான் போகுது."

ஆருக்கு உரலைத் தூக்கிக்கொண்டு வந்து மணைப்பலகைக்கு முன்னால் வைத்தாள். குந்தியிருக்கிற அக்காவின் தலைக்கு மேலே நின்றது பிடி. அவர் அதை எட்ட வேண்டுமென்றால் எழும்ப வேண்டும், எழும்பினால் அடுப்பு கைக்கு எட்டாது. கதிரை போட்டு இருக்க அந்த அடுப்படியில் இடமில்லை. எங்களுக்கு மனம் நோகக் கூடாது என்று அந்த மனுசி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நல்ல சாமான் என்று பூ வைத்துவிட்டு, நொந்த கையாலேயே பிழிந்துகொண்டிருந்திருக்கிறார்.

ஆருக்கு வாசற்படியில் போய் இருந்தாள். அவள் முகம் அப்படிக் கறுத்து நான் கண்டதில்லை. "நாம அளந்தது இவவ இல்லகா. இவட சாறிய" என்றாள். "எனக்கு அந்தக் கோட்டைத் தந்தாங்களே, அவங்களும் இப்பிடித்தான் நல்ல மனசோட தந்திரிப்பாங்க" என்றாள். பிறகு எழும்பி உள்ளே போய், அக்காவைத் திரும்பவும் குந்த வைத்து, அளவுநாடாவை எடுத்தாள்.

சேருக்குச் சொன்னபோது அவருக்கு வியர்த்துவிட்டது. "புள்ள, நாளைக்கு மட்டும் ஒண்டும் செய்யாத. வரைபடம் போயிட்டுது. அவர் பாத்து, புள்ளி போட்டுட்டுப் போகட்டும். அதுக்கு மறுகா நீ என்னத்தையும் வெட்டு." நியாயமான கதை. நான் தலையாட்டினேன், ரமேஷ்கள் தலையாட்டினார்கள். ஆருக்குவும் தலையாட்டினாள்.

உரலைப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பக் கொண்டுவந்தோம். மறுநாள் மதிப்பீட்டாளர் கூடத்துக்கு வந்தார். இஸ்திரி போட்ட சேட்டு, பையில் மூன்று பேனை, கையில் எங்கள் வரைபடம். உருக்கு அளவுநாடாவை இழுத்து ஒவ்வோர் அளவாகப் பார்த்து "ம்" என்றார். ஒவ்வொரு "ம்"முக்கும் சேர் ஒரு மூச்சு விட்டார். பாவிக்கிறவரும் வந்து பாவித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. வீட்டுச் சட்டையோடு வாங்க என்று ஆருக்கு படித்துப் படித்துச் சொல்லியும், அக்கா அதே கோயில் சாறி, பவுடர், பூவோடுதான் வந்திறங்கினார். கதிரையில் நிமிர்ந்து இருந்தார். பிடியை இழுத்தார். பஞ்சுபோல இடியப்பம் இறங்கியது.

"உங்களுக்கு இது வசதியா இரிக்கா?" என்று கேட்டார் மதிப்பீட்டாளர்.

"தங்கமான சாமான் ஐயா."

அவருக்கு மெத்தச் சந்தோசம். பேனையைத் திறந்துகொண்டு, "இதைக் கொழும்புக் கண்காட்சிக்கு அனுப்புவம். கண்ணாடிப் பெட்டி செஞ்சு உள்ளுக்கு வைப்பம். ஆறேழு மாசம் அங்கதான் இரிக்கும்" என்றார். சேரின் முகத்தில் அப்படியொரு ஒளி. என் மனதில் நானும் கொழும்புக்குப் போய், கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். வருடப் பிறப்புக்கு இரண்டு கிழமைதான் இருந்தது என்பது எனக்கு அந்த நேரத்தில் நினைவிலேயே இல்லை.

"ஆருக்கு சேர்?"

மதிப்பீட்டாளர் திரும்பினார். "என்ன?"

"கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கிறது. ஆருக்கு?"

"ஆருக்கெண்டா... பாக்கிற ஆக்களுக்கு."

"அக்கா பொய் சொல்றா சேர். அவவுக்கு இது சரிவராது. நாங்க அளந்தது பிழை."

சேர் கண்ணை மூடிக்கொண்டார். ஆணி அடிப்பதற்கு மட்டும்தான் மூடுவார் என்று மேலே எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன்.

ஆருக்கு மேசைக்கு அடியிலிருந்து கைவாளை எடுத்தாள். உரலைச் சரித்துப் படுக்க வைத்தாள். காலில் ஏற்கனவே பென்சில் கோடு போட்டிருந்தாள். "காலைப் புடிகா" என்றாள் என்னைப் பார்த்து. என் பாடமும் சேர்ந்துதான் அரிபடுகிறது என்று தெரியும். ஆனாலும் அந்தக் குரலுக்கு மறுப்புச் சொல்ல என்னால் ஏலாமல் போனது. பிடித்தேன். மரத்தூள் மதிப்பீட்டாளரின் சப்பாத்தில் விழுந்தது. "வரைபடத்தில இப்பிடி இல்லையே, வரைபடத்தில இப்பிடி இல்லையே" என்று அவர் ஒவ்வொரு காலுக்கும் ஒரு தரம் சொன்னார்.

நாலு துண்டும் விழுந்த பிறகு நிலத்தில் ஒரு மணைப்பலகையை வைத்தாள். "அக்கா, கூச்சப்படாதீங்க. வீட்டில இரிக்கிற மாதிரி இரிங்க."

அக்கா மதிப்பீட்டாளரைப் பார்த்தார், சேரைப் பார்த்தார். பிறகு சாறியைச் சுருட்டிச் சொருகிக்கொண்டு குந்தினார். இடது கையால் பிடியை இழுத்தார். இறங்கியது. தட்டை மாற்றி மறுபடி இழுத்தார். இறங்கியது. வலது கை தட்டைத் திருப்புவதற்கு மட்டும் நோகாமல் வந்து போனது. மூன்றாவது தட்டோடு எங்கள் ஒருவரையும் அவர் பார்க்கவில்லை. குழைத்து வந்த மா முடிகிற வரைக்கும் நிறுத்தவுமில்லை. பிறகு நிமிர்ந்து, இது வரைக்கும் எங்களிடம் காட்டாத ஒரு குரலில் சொன்னார்.

"என்ன மனே இது, பிடி வழுக்குது. துணி கிணி சுத்தியிரிக்கலாமே. இந்தக் காலும் கொஞ்சம் ஆடுது. பாத்துச் செய்ய மாட்டீங்களா?"

ஆருக்கு என் கையை இறுக்கிப் பிடித்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. "குறை சொல்றாகா" என்றாள். "இனி இது அவட சாமான்."

மதிப்பீட்டாளர் சம்பலோடு நாலு இடியப்பம் சாப்பிட்டார். நல்லாயிருக்கிறது என்றார். பிறகு, வரைபடத்துக்கு மாறாக உள்ளது என்று எழுதிவிட்டுப் போனார். பெறுபேறு வந்தபோது எங்கள் நாலு பேருக்கும் அந்தப் பாடத்தில் வெறும் எஸ். சித்தி, அதாவது பாஸ், அதற்கு மேல் ஒரு நூலும் இல்லை. ரமேஷ்கள் ஒரு மாதம் எங்களோடு கதைக்கவில்லை.

அந்த வருடப் பிறப்பன்று அக்கா பிழிந்தார். கட்டாருக்குப் போன் போட்டு, நிறுத்தப் போவதில்லை என்று அறிவித்தும் விட்டார். அடுத்த மாதம் யுத்தம் முடிந்தது. வன்னியிலிருந்து வந்த செய்திகளை ரேடியோவில் சத்தம் குறைத்துக் கேட்டுக்கொண்டிருந்த நாட்கள். எங்களுக்குச் சிரிக்கவே வெட்கமாக இருந்தது. சந்தியில் வெற்றி வெடி கொளுத்தினார்கள். ஆருக்கு என் பக்கத்தில் நின்று மெல்லக் கேட்டாள், "இது ஆருக்குகா?"

இப்போது அவள் தொலைவில் ஒரு நகரத்தில், கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் செய்கிற இடத்தில் வேலை செய்கிறாள். அங்கே அந்தக் கேள்வியைக் கேட்காமல் ஒரு வேலையும் தொடங்க முடியாதாம். சம்பளம் தந்து கேட்கச் சொல்கிறார்கள் என்று போனில் சிரித்தாள். அக்கா போன வருடம் நான் போனபோதும் பிழிந்துகொண்டிருந்தார், பிடியைத் திட்டிக்கொண்டே.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். மதிப்பீட்டாளர் வந்து போன அடுத்த கிழமை, வாங்கில் ஏறி வழக்கம்போலக் காலை ஆட்டினேன். கால் எதிலோ தட்டியது. குனிந்து பார்த்தால், உரலிலிருந்து அரிந்த நாலு துண்டுக்கும் மேல் ஒரு பலகை அடித்து, என் பாதத்துக்குக் கணக்காக ஒரு கால்மணை. ஆருக்கு ஒன்றும் தெரியாதவள் போலப் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். என்னை எப்போது அளந்தாள் என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது.

இதை எழுதும்போதும் என் கால் அதன் மேல்தான் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் மேசைக்கடியில் பார்த்துவிட்டு, "இந்தப் பழம் பலகை என்னத்துக்கு?" என்கிறார்கள். கேள்வி பிழை. ஆருக்கு என்று கேட்டால் சொல்லுவேன், எனக்கு என்று.